செவலையின் வாலுக்குப் பின்னால்

மலைப் பூங்கா ஒன்றில் செவலை என்றொரு மட்டக்குதிரை இருந்தது. சுற்றுலா வருகிறவர்களை முதுகில் ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோவது அதன் வேலை. எட்டு வருஷம் ஏறி இறங்கியும் உச்சியிலிருந்து என்ன தெரியும் என்று அதற்குத் தெரியாது. சிரிக்காதீர்கள்! பாதை நெடுகச் சோலைக்காடு. கண்ணுக்கு இரண்டு பக்கமும் தோல் மறைப்பு. உச்சிக்குப் போனால் போட்டோ எடுக்கிறவர்கள் எதிரே நின்று கேரட்டை நீட்டுவார்கள். செவலை கேரட்டைப் பார்க்கும். பள்ளத்தாக்கு அதன் வாலுக்குப் பின்னால் கிடக்கும்.

ஆனால் காது கேட்குமே! "ஆத்தாடி, என்ன அழகு!" என்று தினமும் யாராவது கத்துவார்கள். செவலைக்கும் அதைப் பார்க்க ஏக்கமாக இருக்கும்.

ஒரு நாள் உச்சியில் வேலிமேல் இருந்த கொண்டைக்குருவியிடம் மறுபடியும் கேட்டது: "அங்கே என்னதான் இருக்கு?"

"எட்டு வருஷமா இதையே கேக்குறே! திரும்பிப் பாரேன்!"

"திரும்பினா கேரட் போயிடுமே! நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"உனக்கு ஏது நாளைக்கு? உன்னைக் கீழே செங்கல் சூளைக்கு வித்தாச்சு. விடிஞ்சா லாரி வருது. குதிரைக்காரன் பேசினதை இந்தக் காதாலே கேட்டேன்!"



எதிரே ஒரு பெண் கேரட்டை நீட்டினாள். "செல்லம், இங்கே பாரு!"

செவலை திரும்பிக்கொண்டது. போட்டோவில் விழுந்தது அதன் பின்புறம்தான்! எல்லோரும் சிரித்தார்கள். கேரட் பக்கத்தில் நின்ற கறுப்பன் குதிரைக்குப் போனது.

அதற்குள் பள்ளத்தாக்கில் மூடுபனி ஏறிவிட்டது. ஒன்றுமே தெரியவில்லை. குதிரைக்காரன் கயிற்றை இழுத்தான். செவலை அசையவில்லை.

"விலகேன், ஒரே ஒரு தடவை விலகேன்!" என்று பனியிடம் கெஞ்சியது.

பனி விலகியது. மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் மலை, கடைசியில் எது மலை எது வானம் என்று தெரியாத நீலம். நடுவே நூல் மாதிரி ஓர் அருவி. பத்து மூச்சு விடும் நேரம்தான். மறுபடியும் பனி மூடிக்கொண்டது.

இறங்கும்போது கறுப்பன் மென்றுகொண்டே கேட்டது: "அப்படி என்னத்தைப் பார்த்தே?"

"சொல்லத் தெரியலடா. எட்டு வருஷம் பார்த்திருக்கலாம்! நீயாவது திரும்பிப் பாரு."

மறுநாள் செவலை இல்லை. உச்சியில் கறுப்பனுக்கு எதிரே கேரட் நீண்டது. அது கொஞ்சம் யோசித்தது.

"நாளைக்குத் திரும்பலாம்" என்று கேரட்டைக் கடித்தது.

சின்ன ருசிக்காகப் பெரிய ஆசையை நாளைக்கு என்று தள்ளிப்போட்டால், அது கண்ணுக்கு எட்டும்போது நேரம் மிஞ்சாது.