குடையும் காக்காயும்

"செத்தவன் வாயில..." அப்படின்னு எங்க பெரியப்பா ஒண்ணு சொல்லுவார். மீதி மறந்துபோச்சு. கதையைச் சொல்லிக்கிட்டே போனா வந்தாலும் வரும். நீ 'ம்' கொட்டணும், சரியா?

ஒரு ஊர்ல ஒரு மருமக இருந்தா. செவந்தின்னு பேரு. அவ மாமனார் மூணு வருஷமா படுக்கையில கிடந்தார். அவர் லொக்குனு இருமுறதுக்குள்ள தண்ணிச் சொம்போட நிப்பா. அப்புறம் ஒருநாள் அவர் போய்ச் சேர்ந்துட்டார்.

ம்.

அப்போ அவரோட மக பேச்சி, அதாவது செவந்திக்கு நாத்தனார், வாழ்க்கைப்பட்ட ஊர்ல இருந்து வந்தா. மூணு வருஷமா எட்டிப் பார்க்காதவ. வந்த எடத்துல வெயில் நல்லா இருக்கேன்னு, செவந்தி இடிச்ச மாவுலயே கூழ் கிளறி முற்றத்துல வடகம் பிழிஞ்சா. ஊருக்குத் திரும்பும்போது கொண்டுபோகணுமாம். காக்கா கொத்தாம இருக்க, அப்பாவோட பழைய கறுப்புக் குடையைப் பக்கத்துல விரிச்சு, வடகம் காயுற வரைக்கும் அப்படியே விட்டா.

மறுநாள் பதினாறாம் நாள் காரியம். செவந்தி வாழை இலையில சோறு, பருப்பு, மாமனாருக்குப் பிடிச்ச உளுந்த வடை எல்லாம் வச்சு, முற்றத்துச் சுவர்மேல வச்சா. காக்கா வந்து எடுத்தா செத்தவர் ஆன்மா நெறஞ்சுடுச்சுன்னு அர்த்தம். "கா, கா"ன்னு கூப்பிட்டாங்க. ஒரு காக்கா வந்துச்சு. தலையைச் சாய்ச்சுச்சு. விசுக்குனு பறந்துபோச்சு.

அவ்வளவுதான். "அப்பாவுக்கு மனக்குறை. இவ ஏதோ பண்ணியிருக்கா"ன்னா பேச்சி.

கூடியிருந்த ஊரும் தலையை ஆட்டுச்சு. செவந்தி புருஷன் என்ன பண்ணான் தெரியுமா? கால் கட்டைவிரலால மண்ணைக் கிளறிக்கிட்டு நின்னான்.

அப்போ ஊர்ப் பெரியவர் பூவலிங்கம் சொன்னார்: "மூணு நாள் சோறு வைங்க. காக்கா எடுத்துச்சுன்னா சரி. இல்லைன்னா இந்தப் பொண்ணு அவ அம்மா வீட்டுக்குப் போகட்டும்."

தூங்கிட்டியா?

ம்.

மொத நாள் செவந்தி வச்சா. காக்கா வரலை. "அவ கை பட்ட இலை, எப்படி வரும்?"னா பேச்சி.

"அப்ப நாளைக்கு நீங்களே வைங்க மதினி."

ரெண்டாம் நாள் பேச்சி வச்சா. வரலை. "சமைச்சது அவதானே?"

மூணாம் நாள் பூவலிங்கமும் ஊரும் கூடி நிக்க, பேச்சியே சமைச்சா, பேச்சியே வச்சா. காக்கா சுவருக்கு வந்துச்சு, முற்றத்தைப் பார்த்துச்சு, விசுக். "வீட்டுக்குள்ள அவ இருக்காளே"ன்னா பேச்சி.

செவந்திக்கு உள்ள கொதிச்சுது. எனக்கே இப்ப கொதிக்குது. "பெரியய்யா, காக்கா வந்தா சரின்னீங்க. யார் வச்சு வராட்டியும் நான்தான் குத்தவாளின்னா, எதுக்கு மூணு நாள்? மொத நாளே துரத்தியிருக்கலாமே."

"ஆன்மா இருக்குறதையே நீ நம்பலையாம்மா?"ன்னார் பூவலிங்கம்.

"இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இல்லைன்னா அது வெறும் காக்கா. இருக்குன்னா அது என் மாமா. மூணு வருஷம் உப்பு கூடினாகூட என் முகத்துக்கு நேரா சொன்ன மனுஷன். காக்காகிட்டச் சொல்லி அனுப்ப மாட்டார். அவர் வாயில உங்க நாக்கை வைக்காதீங்க."

சொல்லிட்டு, காக்கா பார்த்த பக்கம் அவளும் பார்த்தா. வடகம். வடகத்துப் பக்கத்துல கறுப்பா குடை.

இறங்கிப்போய்க் குடையைக் கையில எடுத்தா. ஆனா உடனே மடக்கலை. "மதினி, இப்ப காக்கா வந்தா என்ன அர்த்தம்? மொதல்ல சொல்லுங்க, அப்புறம் பார்க்கலாம்."

"அப்பா கோபம் தீர்ந்துச்சுன்னு அர்த்தம்."

"வராட்டி?"

"தீரலைன்னு அர்த்தம்."

பட்டுனு மடக்கினா. காக்கா வந்துச்சு. லபக்குனு வடையைக் கவ்விச்சு. இன்னொண்ணு வந்துச்சு. அப்போ படக்குனு குடையை விரிச்சா. விசுக், விசுக்.

"மாமாவுக்கு மறுபடி கோபம் வந்துருச்சா மதினி?"

மடக்கினா. காக்கா வந்துச்சு.

"இப்ப தீர்ந்துருச்சா?"

விரிச்சா. போச்சு. மூணாம் தடவை மடக்கினா. காக்காக்கூட்டமே இறங்கி, இலையை முடிச்சுட்டு வடகத்துலயும் வாயை வச்சுது. "ஐயோ என் வடகம்"னு ஓடினா பேச்சி.

ம். ம்.

சிரிக்காம கேளு. அப்போ கூட்டத்துல ஒருத்தன், "அப்ப ஆன்மாவே இல்லைங்கிறியா?"ன்னான்.

"காக்கா குடைக்குப் பயப்படுதுன்னு சொல்றேன். நான் கண்டது அவ்வளவுதான். அதுக்கு மேல நீங்க கண்டிருந்தா சொல்லுங்க."

பூவலிங்கம் தொண்டையைச் செருமிக்கிட்டு, "சரிம்மா, உன்னை மன்னிச்சாச்சு, உள்ள போ"ன்னார். பார்த்தியா அநியாயத்தை.

செவந்தி நகரலை. "எதுக்கு மன்னிச்சீங்க பெரியய்யா?"

புருஷன் இன்னும் மண்ணைக் கிளறிக்கிட்டு நின்னான். செவந்தி அவனையும் பார்த்தா, குடையையும் பார்த்தா. குடையைத் தூசி தட்டி, மாமனார் மாட்டுற ஆணியிலயே கொண்டுபோய் மாட்டினா.

வடகம் காக்காய்க்கு, வடை காக்காய்க்கு, தூக்கம் உனக்கு. கண்ணை மூடு, ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு.

நாளைக்குத் தன் பேரைச் சொல்லியும் யாராவது இப்படிப் பேசுவாங்கன்னு தோணி, பூவலிங்கம் ஆளனுப்பித் தன் மருமகளை அந்த முற்றத்துக்கே வரவழைச்சார். "இவ எனக்கு ஒரு குறையும் வைக்கலை. நான் செத்தப்புறம் காக்கா வந்தாலும் வராட்டியும் இதுதான் என் பேச்சு"ன்னு, உசுரோட இருக்கும்போதே ஊர் முன்னாடி சொல்லிட்டார். ஆங், பெரியப்பா சொன்னதும் ஞாபகம் வந்துருச்சு: "செத்தவன் வாயில உன் நாக்கை வைக்காதே."