மறைத்த இரண்டு எண்கள்

"எனக்கு இது வராது மேடம். நான் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போயிடறேன்."

பொன்னம்பலம் இதைச் சொன்னது யாரிடம் என்கிறீர்கள்? எட்டாம் வகுப்பில் அவரிடமே அறிவியல் படித்த ஜெசிந்தாவிடம். இப்போது அவள் ஆய்வுக்கூடத் தலைவி, அவர் அவளுடைய ஆராய்ச்சி மாணவர். அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை சார் என்பாள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

காரியம் இதுதான். ஊதா நிற லேசரை ஒரு படிகத்துக்குள் விடவேண்டும். கோடியில் ஏதோ ஓர் ஒளித்துகள் உள்ளே பிரிந்து, ஒன்றோடொன்று பின்னிய இரட்டையாக வெளியே வரும். ஒன்று இடது கருவிக்குப் போகும், மற்றது வலது கருவிக்கு. எது எத்தனை துகள் வாங்கியது என்று திரையில் கருவிக்கு ஓர் எண் ஓடும். இரண்டும் ஒரே கணத்தில் போய்ச் சேர்ந்தால் திரையில் மூன்றாவது எண் ஏறும்.

அந்தப் பாழாய்ப்போன எண் ஏறவே இல்லை.

திங்கட்கிழமை அவர் ஆராய்ச்சியை மதிப்பிடும் குழு கூடுகிறது. அதற்குள் ஜோடியைக் காட்டாவிட்டால் அவர் இடம் போய்விடும். இந்த வயதில் வேலையை விட்டுவிட்டு வந்த மனுஷன், பாவம்.

கருவிகளை எப்படித் திருப்பி வைத்தீர்கள் என்று ஜெசிந்தா கேட்டாள்.

இடது பக்கத்தை அதன் எண் உச்சத்துக்கு வரும்வரை திருப்பினாராம். பிறகு வலதையும் அப்படியே. யாருக்கும் குறை வைக்கவில்லையாம்.

"ரெண்டுமே ஃபர்ஸ்ட் ரேங்க் மேடம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கறுப்பு டேப்பைக் கிழித்து, திரையில் இடது எண்ணையும் வலது எண்ணையும் மறைத்து ஒட்டினாள்.

மூன்றாவது மட்டும் தெரிந்தது. பூஜ்யம்.

"இப்ப வலது பக்கத்தைத் திருப்புங்க சார்."

"எதைப் பார்த்து மேடம் திருப்பறது?"

"மிச்சம் இருக்கறதைப் பார்த்து."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகாணியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். பூஜ்யம். மறுபடியும் பூஜ்யம்.

பிறகு ஒன்று. அப்புறம் நிற்காமல் ஏறத் தொடங்கியது.

பொன்னம்பலம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சற்றுப் பொறுத்து அவர் கை டேப்பை உரிக்கப் போனது.

"வலது பக்கம் உச்சத்துலேர்ந்து இறங்கியிருக்குமே மேடம்?"

"இறங்கித்தான் இருக்கும் சார். அந்த உச்சத்தை ஏத்தினதே துணை இல்லாத வெளிச்சம்தான், அதெல்லாம் இப்ப கருவிக்கு வெளியே போயிருக்கும்."

கை பாதியிலேயே நின்றது.

"டேப் அப்படியே இருக்கட்டும் மேடம்" என்றார்.