எம்ரிஸ் தூக்காத கை

இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை. அதனால் தீர்ப்புச் சொல்ல அவசரப்படாமல் கேளுங்கள்.

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் ஓர் ஆய்வு நிறுவனம் இருந்தது. பள்ளிக்கூடம், பேருந்து, மருத்துவமனை என்று அரசு மக்களுக்குச் செய்யும் காரியங்களை ஆராய்ந்து, சரியையும் தவறையும் வெளிப்படையாக எழுதுவது அதன் வேலை. எந்தக் கட்சிக்கும் அது கட்டுப்பட்டதில்லை. சம்பளம் வாங்காத அறங்காவலர்கள் அதை நடத்தினார்கள். அவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஆய்வாளர் கண்ட முடிவில் அவர்கள் கை வைக்கக் கூடாது. ஆனால் ஆய்வு ஒழுங்காக நடந்ததா என்று கேட்கலாம். குறை தெரிந்தால் திருப்பி அனுப்பலாம்.

அவர்களின் தலைவி மெரரிட் பியூ ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எல்லாக் கட்சிக்காரர்களிடமும் முறைவைத்துத் திட்டு வாங்கி அலுத்துப்போனவர். இன்னொருவர் எம்ரிஸ் ஹாப்கின். மலைக்கு அப்பால் உள்ள நான்ட்வெல் என்னும் சிற்றூர்க்காரர். தொழிற்சங்கத்திலேயே வயதைக் கழித்தவர். மற்றொருவர் டாக்டர் குகதாசன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், வேல்ஸின் மலையோர ஊர்களில் வைத்தியம் பார்த்தே தலை நரைத்தவர்.

நெஸ்டா என்ற ஆய்வாளர் நான்ட்வெல் மருத்துவமனையின் பிரசவ வார்டைப் பற்றி ஓர் அறிக்கை எழுதி முடித்திருந்தார். அங்கே சிறப்பு மருத்துவர் யாரும் நிலைப்பதில்லை. பிரசவத்தில் சிக்கல் வந்தால் தாயையும் குழந்தையையும் காப்பாற்ற வசதி இல்லை. மலைக்கு இந்தப் பக்கம் உள்ள பெரிய மருத்துவமனையே பாதுகாப்பு. ஆகவே வார்டை மூடிவிடலாம். இதுதான் அவருடைய முடிவு.

ஊரில் எம்ரிஸை நிம்மதியாக விட்டவர் யாருமில்லை. தேவாலயப் பாட்டுக் குழுவில் பாடப் போனாலும், கடைக்கு ரொட்டி வாங்கப் போனாலும் வார்டைப் பற்றியே கேட்டார்கள். ஒருநாள் அலுப்பில், தான் அந்த நிறுவனத்தில் இருக்கும்வரை வார்டுக்கு எதிராக ஒரு வரிகூட வராது என்று சொல்லிவிட்டார். அப்படி வாக்குக் கொடுக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்பது சொல்லி வாய் மூடும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அறிக்கை கூட்டத்துக்கு வந்த நவம்பர் மாதத்தில் மழை விடவே இல்லை. அறங்காவலர்களில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். வந்தவர்கள் நம் மூவர்தான். எம்ரிஸ் முதல் வேலையாகத் தான் ஊருக்குக் கொடுத்த வாக்கை மறைக்காமல் சொன்னார். ஒரு சொல்லையும் மாற்றும்படி அவர் கேட்கவில்லை.

அறிக்கையை விளக்க வந்திருந்த நெஸ்டாவிடம் குகதாசன் ஒன்று கேட்டார். பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த தாய்க்கு ஆபத்தில்லை, சரி. பனிக்காலத்தில் மலைக் கணவாயைத் தாண்டிப் போய்ச் சேர்வது எப்படி என்று பார்த்தீர்களா? நெஸ்டா நேர்மையானவர். இல்லை என்றார். ஆம்புலன்ஸ் போகும் நேரத்தை ஆண்டு முழுவதற்கும் சராசரியாக எடுத்ததாகவும், பனியைத் தனியாகப் பார்க்க வசந்தம்வரை பொறுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

மெரரிட் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

“இப்போது நிறுத்தினால் எம்ரிஸுக்காக நிறுத்தினோம் என்பார்கள். அதன் பிறகு நாம் எதை எழுதினாலும் யாரும் நம்பமாட்டார்கள்.”

“சொல்லட்டும் மெரரிட்,” என்றார் குகதாசன். “பனி கொட்டும்போது அந்தச் சாலையில் நான் போயிருக்கிறேன்.”

வாக்கெடுப்பு வந்தது. வெளியிடலாம் என்று மெரரிட் கை தூக்கினார். பொறுக்கலாம் என்று குகதாசன் தூக்கினார். இருவரும் எம்ரிஸைப் பார்த்தார்கள். அவர் கைகள் மேஜைமேலேயே கிடந்தன.

“டாக்டர் கேட்பது சரியான கேள்வி என்றுதான் எனக்கும் படுகிறது,” என்றார். “ஆனால் நான் கை தூக்கினால், அது அந்தக் கேள்விக்காகவா, ஊருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொள்ளவா என்று எனக்கே தெரியாது. நான் தூக்கவில்லை.”

வாக்குகள் சமமானதால் தலைவியின் முடிவே முடிவானது. அறிக்கை வெளிவந்தது. எம்ரிஸ் பதவி விலகி, ஊருக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னார். யாரும் சத்தம் போடவில்லை. பாட்டுக் குழுவில் அவருக்கு இரு பக்கமும் நிற்பவர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கத் தொடங்கினார்கள்.

அறிக்கையை ஏற்று, அடுத்த இலையுதிர் காலத்தில் அரசு வார்டை மூடியது. அந்தப் பனிக்காலத்தில், சிக்கலான நிலையில் பெரிய மருத்துவமனையில் பிறந்த ஒரு நான்ட்வெல் குழந்தை பிழைத்தது. பழைய வார்டில் அது பிழைத்திருக்காது என்று டாக்டர்களே சொன்னார்கள். அதே மாதம் காரிஸ் என்ற பெண்ணை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் கணவாயில் பனியில் சிக்கியது. வண்டிக்குள்ளேயே பிரசவம் ஆனது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. இரத்தம் நிற்காமல் போன தாய் மரணத்தின் வாசல்வரை போய்த் திரும்பினாள்.

அதற்குப் பிறகு நெஸ்டா பனிக்கால ஆய்வைச் செய்தார். பனி மாதங்களில் தாய்மாரை முன்கூட்டியே மலைக்கு இப்பால் அழைத்து வந்து, மருத்துவமனைப் பக்கத்திலேயே தங்க வைத்தால் போதும் என்று எழுதினார். மறு ஆண்டே அப்படிச் செய்தார்கள்.

இப்போது சொல்லுங்கள். ஆய்வாளரின் முடிவைத் தடுக்காமல் வெளியிட்ட மெரரிட், பழி வந்தாலும் பொறுக்கச் சொன்ன குகதாசன், தன் மனத்தையே நம்பாமல் ஒதுங்கிய எம்ரிஸ். இந்த மூவரில் அன்று யார் செய்தது சரி?

விடை: காரிஸின் கதை தெரிந்த பிறகு குகதாசன் என்பது எளிது. அதை மறந்துவிட்டுப் பார்த்தாலும் அவர்தான். முடிவை மாற்றச் சொல்லாமல், விடுபட்டதைப் பார்க்கச் சொன்னார். விதி அவருக்குக் கொடுத்த வேலை அதுதான். மெரரிட் கட்சிகளுக்குப் பயப்படவில்லை. உலகம் என்ன சொல்லும் என்பதற்குப் பயந்தார். அந்தப் பயமும் ஒரு கட்டுத்தான். மூவரில் மிகவும் நேர்மையானவர் எம்ரிஸ். ஆனால் கேள்வி சரியா என்று பார்க்க வேண்டிய இடத்தில் தன் மனம் சுத்தமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மனம் அவ்வளவு சுத்தமில்லாமலே அவர் கை தூக்கியிருந்தாலும், வார்டை மூடும் முன்பே பனிக்கால ஆய்வு முடிந்து, மலைக்கு இப்பால் காரிஸுக்கு ஒரு கட்டில் காத்திருந்திருக்கும்.