மதுரை ஆபீஸ் சாவி

"அவளுக்கு மட்டும் ஏன் மேடம்?" என்று கேட்டான் சிங்காரவேலு.

ஆண்டாளம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். வடபழனியில் மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் அந்த மாடி அறைதான் அவருடைய துப்பறியும் நிறுவனம். மேஜை மேல் ஒரு சாவி கிடந்தது. மதுரையில் புதிதாகத் திறக்கப்போகும் கிளையின் சாவி.

"எவளுக்கு?"

"ரெஜினாவுக்குத்தான். நேத்து முளைச்சவ. ஓடிப்போனவனைக் கண்டுபிடிக்கிற கேஸெல்லாம் அவளுக்கு. எனக்கு மட்டும் மாப்பிள்ளை குடிப்பானா, சீட்டாடுவானான்னு டீக்கடை டீக்கடையா விசாரிக்கிற வேலை. இப்ப மதுரையும் அவளுக்குத்தான்னு பேச்சு."

வயிறு எரிகிறவனுக்கு வார்த்தைக்கா பஞ்சம்?

ஆண்டாளம்மா ஒரு கடலையை வாயில் போட்டார்.

"இந்த வாரம் அவ பின்னாடியே போ. என்ன செய்றான்னு பாரு. தாம்பரம் மாப்பிள்ளை விசாரணையும் உன் கையிலதான் இருக்கு, மறந்துடாதே. முடிச்சுட்டு வா. மதுரை யாருக்குன்னு நீயே சொல்லு."

அடேங்கப்பா, வேலுவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே!

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கிளம்பினான். ரெஜினா பஸ் ஏறினால் ஏறினான். இறங்கினால் இறங்கினான். சோறு தண்ணி மறந்தான். செருப்பு அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டு நடந்தான். மாப்பிள்ளையாவது மண்ணாங்கட்டியாவது!

அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வாரம் முடிந்ததும் மூச்சிரைக்க மாடியேறினான்.

"மேடம், அவ வேலையே செய்யல! சும்மா ஊர் சுத்தினா. பூ வாங்கினா. பார்க்ல உட்கார்ந்தா. ஏதோ ஒரு தெருவுல, ஒரு வீட்டு வாசல்ல நின்னு இட்லி மாவு வாங்கிட்டு அரைமணி நேரம் அரட்டை. இவளுக்கா மதுரை?"

சொன்ன வேகத்தில் சாவியை எடுத்து வைத்துக்கொண்டான்.

ஆண்டாளம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ரெஜினா, உன் வேலை என்னாச்சு?"

ரெஜினா வந்தாள். கையில் ஒரு ஜோடி புதுச் செருப்பு.

"வேலு அண்ணனை ஒரு வாரம் கண்காணிக்கச் சொன்னீங்க மேடம். கண்காணிச்சேன். நான் மெஸ்ல சாப்பிடும்போது அண்ணன் வெளியே வெயில்ல காய்ஞ்சாங்க. குரோம்பேட்டைகிட்ட டப்டப்புன்னு வந்த செருப்புச் சத்தம் நின்னுபோச்சு. அண்ணே, இந்தாங்க, போட்டுக்குங்க."

வேலு வாங்கிக்கொள்ளவில்லை.

"அந்த மாவு வாங்கின வீடு?" என்றார் ஆண்டாளம்மா.

"தாம்பரம் மாப்பிள்ளைக்கு எதிர்வீடு மேடம். விலாசம் நம்ம ஆபீஸ் ஃபைல்ல இருந்துச்சு. அவருக்கு ஏற்கெனவே பொண்டாட்டி, பிள்ளை இருக்காங்களாம். மாவுக்காரம்மாதான் சொன்னாங்க. 'புளியமரத்துக்குப் பின்னால எவனோ நிக்கிறான், பார்த்துப் போம்மா'ன்னும் சொன்னாங்க."

வேலு சட்டைப் பையைத் தடவினான். அந்த மாப்பிள்ளையின் விலாசம் வாரம் முழுக்க அதில்தான் இருந்தது.

"இப்ப சொல்லு வேலு," என்றார் ஆண்டாளம்மா. "மதுரை யாருக்கு?"

அவன் சாவியை மேஜை மேல் வைத்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை. ரெஜினாவிடம் திரும்பினான்.

"நீ எனக்கு முன்னாலதானே போனே? ஒரு தடவைகூடத் திரும்பலையே! அப்புறம் எப்படி?"

"எதுக்கு அண்ணே திரும்பணும்?" என்றாள் ரெஜினா. "நீங்கதான் வேற எங்கேயும் போகமாட்டீங்களே."