பேச்சியம்மாளின் கன்னம்

ஆவுடையப்பன் இருபத்தாறு வருஷம் சொந்தமாக ஸ்டூடியோ நடத்தியவர். அதை மூடிய பிறகு, ஐம்பத்து மூன்றாவது வயதில், பாளையங்கோட்டையில் சலோமியிடம் சிஷ்யனாகச் சேர்ந்தார். பழுதான பழைய போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து கொடுப்பதில் சலோமிக்கு நல்ல பெயர். அவருக்கு வயது முப்பத்தைந்து. இவர் அவரை டீச்சர் என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார்.

வயதில் இளையவரிடம் கற்பதில் ஆவுடையப்பனுக்கு மனக்குறை இல்லை. குறையெல்லாம் பக்கத்து நாற்காலியில் இருந்த ரஹ்மத்தால் வந்தது.

ரஹ்மத் அவருக்கு ஒரு வாரம் கழித்துச் சேர்ந்தவள். அதுவரை துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கேமராவைக் கையால் தொட்டதுகூட இல்லை. ஆனால் அவள் சரிசெய்த படம் பளிச்சென்று வந்தது. இவர் சரிசெய்ததோ, தொட்ட இடமெல்லாம் மங்கிப் போனது, ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி.

ஏன் மங்குகிறது என்று அவர் டீச்சரிடம் கேட்கவில்லை. கேட்டால் ரஹ்மத்தின் காதில் விழும்.

கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று நினைத்து, கண்ணுக்கு வெளிச்சம் அடிக்கிறது என்று சொல்லி, ஒருநாள் ரஹ்மத்தோடு இடம் மாற்றிக்கொண்டார். அன்றும் அவருக்கு மங்கியது. அவளுக்கு மங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இசக்கிமுத்து என்ற பஸ் கண்டக்டர் ஒரு போட்டோவோடு வந்தார். வெள்ளத்தில் நனைந்து, முகமெங்கும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்திருந்தது.

"என் தங்கச்சி பேச்சியம்மா. தவறிப் போய்ப் பதினெட்டு வருஷமாச்சு. இது ஒண்ணுதான் இருக்கு," என்றார்.

ஆவுடையப்பன் படத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் அவருடைய ஸ்டூடியோ முத்திரை. அந்தப் பெண்ணை அவருக்கு நினைவிருந்தது. சிரிக்கச் சொன்னபோது சிரிக்காமல், அவர் கேமராவைத் தள்ளி வைத்ததும் சிரித்தவள்.

"டீச்சர், இது நான் எடுத்த படம். நானே செய்யுதேன்," என்றார்.

"நீங்களும் செய்ங்க, ரஹ்மத்தும் செய்யட்டும். எது நல்லா வருதோ அதைக் கொடுப்போம்," என்றார் சலோமி.

ஆவுடையப்பனுக்கு நெஞ்சு எரிந்தது. தன் கையால் எடுத்த படத்துக்கு அவள் எதற்கு?

நாலு நாள் உட்கார்ந்தார். புள்ளிகளெல்லாம் போய்விட்டன. ஆனால் ரஹ்மத் மத்தியானத் தொழுகைக்கு எழுந்து போகும்போதெல்லாம் அவள் ஃபைலைத் திறந்து பார்த்தார். அவள் படத்தில் பேச்சியம்மாளின் கன்னத்தில் இருந்த அம்மைத் தழும்புகூடத் தெரிந்தது. பார்த்துவிட்டு வந்து தன் படத்தில் அதே கன்னத்தை மறுபடி சரிசெய்வார். மறுநாளும் பார்ப்பார், மறுபடி சரிசெய்வார்.

சனிக்கிழமை இசக்கிமுத்து வந்தார். எது யாருடையது என்று சொல்லாமல் சலோமி இரண்டு படத்தையும் காட்டினார்.

முதல் படத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு சங்கடத்தோடு, "இது யாரும்மா?" என்றார்.

இரண்டாவதைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். டிக்கெட் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதலாவதுதான் ஆவுடையப்பனுடையது.

இசக்கிமுத்து படத்தை வாங்கிக்கொண்டு போனதும் ரஹ்மத் சொன்னாள்: "அண்ணாச்சி, நீங்க எடுத்த படத்துல வெளிச்சம் அவ்வளவு சுத்தமா விழுந்திருந்துது. அதனாலதான் எனக்குச் சுளுவா இருந்துது."

அவள் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தன் ஸ்கிரீன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு சலோமியின் மேஜைக்குப் போனார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனியா என்ன சொல்லிக் கொடுத்தீங்க?"

சலோமி பேச்சியம்மாளின் பழுதான படத்தை மறுபடி திறந்து, மவுஸை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இதுல கெடாத இடம் ஒண்ணு காட்டுங்க."

புள்ளி விழாத நெற்றியைக் காட்டினார்.

"அதுல, புள்ளி எடுக்கிற பிரஷ்ஷை ஒரு தடவை வைங்க."

வைத்தார்.

"இன்னொரு தடவை."

வைத்தார்.

எட்டாவது தடவையில் நெற்றியின் தோல் மெழுகு பூசியதுபோல் ஆகிவிட்டது. புருவத்தின் ஓரம் கரைந்திருந்தது.

"இந்த இடத்துல என்ன பழுது இருந்துது?"

"ஒண்ணும் இல்ல."

"எப்போ திறந்தாலும் பிரஷ்ஷோட ஓரம் மெத்துன்னுதான் இருக்கும், நாமதான் மாத்தணும். வைக்கிற ஒவ்வொரு தடவையும் பக்கத்துல உள்ளதைக் கொஞ்சம் இழுத்துக் கலக்கும். தோலுக்குன்னு ஒரு பொடிப்பொடியான சொரசொரப்பு இருக்குல்லா, அது போயிரும்." சலோமி பிரஷ்ஷின் ஓரத்தைக் கெட்டியாக்கினார். "இப்போ ஒரு வெள்ளைப் புள்ளி மேல வைங்க. ஒரே தடவை."

வைத்தார். புள்ளி மறைந்தது. சுற்றியிருந்த தோல் அப்படியே இருந்தது.

"உங்க படத்துல கன்னத்தை எத்தனை தடவை தொட்டீங்க?"

"ஞாபகம் இல்ல டீச்சர்," என்றார். ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு தடவை தொடுவதற்கு முன்னாலும் எதைப் பார்த்துவிட்டு வந்தார் என்பதும் ஞாபகம் இருந்தது.

இன்னொரு புள்ளியின் மேல் வைத்தார். அதுவும் மறைந்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இத்தனை மாதம் என்று அவருக்குக் கோபம் வந்தது.

"இதை முதல்லயே எனக்குச் சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"சொன்னேன் அண்ணாச்சி. ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சுத்தான் சொன்னேன்," என்றார் சலோமி. "நீங்க ரஹ்மத்தோட ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."