கச்சிராயன் குடியேறிய சித்திர மாளிகை

வேங்கைநல்லூர் ராஜா வீரகேசரிக்கு எதிரிகளைக் கண்டால் பயமில்லை. மைத்துனன் கச்சிராயனைக் கண்டால்தான் பயம். அவன் கேட்டதை இல்லை என்றால் ராணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், பாவம் மனுஷர் என்ன செய்வார்!

இந்தத் தடவை கச்சிராயன் எட்டியப்பர் மாளிகையைக் கேட்டான். வியாபாரி எட்டியப்பர் ஆசை ஆசையாகச் சுவரெல்லாம் சித்திரம் தீட்டவைத்து, ஊரே பார்த்து மகிழட்டும் என்று விட்டுவிட்டுப் போன வீடு அது. சாகும்போது அவர் கையைப் பிடித்து, “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வாக்குக் கொடுத்தவர் ராஜசபையிலிருந்த தாண்டவராயர்.

ராஜா ராணியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, “மாளிகை கச்சிராயனுக்கு. சித்திரங்கள் ஊருக்கே” என்றார்.

வாக்குக் கொடுத்த தாண்டவராயர் சும்மா இருப்பாரா? எழுந்து கேட்டார்:

“மகாராஜா, சுவரைப் பெயர்த்தால் சித்திரம் உதிர்ந்துபோகும். சனங்கள் அங்கேயே போய்ப் பார்த்துக்கொள்ளட்டுமா?”

தப்பித்தால் போதுமென்று ராஜா தலையாட்டினார். அன்றே ஊரில் தமுக்கு அடித்தார்கள்: தினமும் மத்தியானம் சித்திரம் பார்க்கலாம், படுக்கையறைச் சித்திரம்தான் எல்லாவற்றிலும் அழகு.

அங்கே குடியேறிய கச்சிராயனுக்கோ மத்தியானம் மூக்குமுட்டச் சாப்பிட்டு, உடம்பெல்லாம் சந்தனம் பூசி, நகைநட்டோடு ஒருக்களித்துத் தூங்குவது வழக்கம். உள்ளே வந்த கூட்டம் அப்படியே கும்பிட்டு நின்றுவிட்டது. பள்ளிகொண்ட பெருமாள் அல்லவா! ஒருத்தி மார்பில் துளசி வைத்து மகள் கல்யாணத்துக்கு வேண்டிக்கொண்டாள். கல்லா மரமா என்று இருவர் தொந்தியைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டார்கள். யாரோ சூடம் கொளுத்த, புகை ஏறிக் கச்சிராயன் தும்மினான். சாமி கண் திறந்துவிட்டார் என்று ஊரே தரையில் விழுந்து புரண்டது. மறுநாள் அக்கம்பக்கத்து ஊர்களும் பொங்கல் பானையோடு வந்து இறங்கின.

தலையில் துளசியோடு கச்சிராயன் சபைக்கு ஓடிவந்து, “தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள், அத்தான்” என்று அழாத குறையாக முறையிட்டான்.

தாண்டவராயர் பவ்யமாக எழுந்தார். “தப்புதான் மகாராஜா. ‘தொட்டுப் பார்க்காதீர்கள்’ என்று அவர் கட்டிலில் ஒரு பலகை மாட்டிவிடுகிறேன்.”

முதலில் சிரித்தது ராணிதான். அப்புறம் ராஜாவுக்கு என்ன பயம்? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயருக்குப் போட்டார். கச்சிராயன் அந்தச் சூட்டோடு மூட்டை கட்டினான்.

மறுநாள் வந்த கூட்டம் காலிக் கட்டிலைப் பார்த்து, சாமி எங்கே என்று தவித்தது.

“புறப்பாடு ஆகிவிட்டது” என்றார் தாண்டவராயர். “இனி சித்திரத்தைப் பாருங்கள்.”