மொக்கராசு மடியில் யானைக்குட்டி

கறிக்குழம்பு கொதித்து அடங்கி, ஆறி, மறுபடியும் சூடு காட்டியாகிவிட்டது. இன்னும் ஒரு இலைகூட விரித்தபாடில்லை. காரணம், மொக்கராசு வரவில்லை.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்கு மொட்டை போட வேண்டும், காது குத்த வேண்டும். அது முடியாமல் பந்தி கிடையாது. உசிலம்பட்டிப் பக்கத்தில் சொத்தைக்கூட விட்டுக்கொடுப்பார்கள், இந்த ஒரு விஷயத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆகவே கோயில் வேப்பமரத்தடிப் பந்தலில் சனம் முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முடி எடுக்கிறவர் கத்தியைத் தீட்டித் தீட்டி அலுத்துப்போனார். காது குத்த வந்த ஆசாரி குறட்டையே விட்டுவிட்டார்.

பாண்டியம்மாவுக்குத்தான் முள் மேல் இருப்பு. தூங்கிப்போன மகன் இனியனைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கண்ணன் திருப்பூரில் இருந்து சீர் கொண்டுவரும், கிடா வரும், தட்டு தட்டாக வரும், தங்கத்தில் தோடு வரும் என்று ஒரு மாதமாக வீட்டில் பீற்றிக்கொண்டிருந்தவள் அவள்தான். பிள்ளை பிறந்து மூன்று வருசத்தில் ஒரு தடவைகூட வந்து எட்டிப் பார்க்காத அண்ணன் அது. அதை மட்டும் அவள் பேச்சோடு பேச்சாக விழுங்கிவிடுவாள்.

"ஏத்தா, ஒனக்கு அண்ணன் முறையில ஒருத்தன் இந்தா நிக்கிறான். அவன் மடியில வச்சு முடிச்சிருவமா?" என்று மாமியார் விருமாயி ஆரம்பித்தாள்.

"எங்கண்ணன் வந்துரும் அத்தை."

இன்னொருத்தன் மடியில் பிள்ளை உட்கார்ந்துவிட்டால், பிறந்த வீடு இல்லாதவள் என்ற பேச்சைச் சாகும்வரை கேட்க வேண்டும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஒருவழியாக கார் வந்தது. மொக்கராசு இறங்கினான். நெற்றியில் சந்தனம், கழுத்தில் ஆளுயர மாலை, கையில் ஒன்றுமில்லை. காரிலும் ஒன்றுமில்லை. கிடா இல்லை, தட்டு இல்லை, ஒரு சீப்பு வாழைப்பழம்கூட இல்லை.

"சீர் எங்கண்ணே?" என்றாள் பாண்டியம்மா, மெதுவாக.

மொக்கராசு துண்டை உதறித் தோளில் போட்டான். "வழி தப்பிருச்சு தாயி. நான் தப்பல. வழிதான் தப்பிருச்சு."

மேலே அவனே தொடர்ந்தான். "போன்ல வழி சொல்லுவாளே ஒருத்தி, அவ இடது பக்கம் திரும்புன்னா. இந்த மண்ணுல பெறந்தவனுக்கு இவ என்ன வழி சொல்றதுன்னு வலது பக்கம் ஒடிச்சேன். மறுபடியும் இடதுன்னா, மறுபடியும் வலது. கடைசியில அவளுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. 'அண்ணே, இது எந்த ஊருன்னு எனக்கே தெரியல. என்னையத் தனியா விட்டுறாதீக, வீட்டுல தேடுவாக'ன்னு போனுக்குள்ள உக்காந்து அழுகுறா."

"யாரையாச்சும் நிப்பாட்டிக் கேக்கவேண்டியதுதான மச்சான்?" என்றான் பாண்டியம்மாவின் கொழுந்தன் பரமன். பசியில் அவன் குரலே மாறியிருந்தது.

"வழி கேக்குறதா? நானா? மாப்ள, எங்கிட்ட நாலு ஊரு ஆளுக வழி கேப்பாக."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். மொக்கராசு அதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்டான்.

"நேரா மலைமேல ஏறிருச்சு ரோடு. ஏத்தம்னா ஏத்தம், வண்டி செவுத்துல பல்லி நிக்கிற கணக்கா நிக்கிது. எஞ்சின் மூச்சு வாங்குது. பாத்துச்சுக ரெண்டு கிடாயும். கதவத் தொறந்து எறங்கி, பின்னாடி போய் முட்டுக் குடுத்துத் தள்ளுதுக."

"கிடா தள்ளுச்சா?"

"சும்மா தள்ளல, ஐலசா போட்டுக்கிட்டுத் தள்ளுச்சு. அப்பேர்ப்பட்ட சீவன்கள வெட்டித் திங்க மனசு வருமா? கும்புட்டு அங்கனயே அவுத்து விட்டுட்டேன்."

கிடா போயிற்று என்று பாண்டியம்மா மனசுக்குள் கணக்கை முடித்தாள். மாமியார் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அதுக்கு மேல வளைவு. கொண்டை ஊசி இல்ல, அதுக்கும் மேல. எனக்கு முன்னாடி ஒரு வண்டி போகுது, ஆரன் அடிக்கிறேன், வழி விட மாட்டேங்கிறான். உத்துப் பாத்தா என் வண்டியோட பின்பக்கம்! நமக்கென்ன ரோசம் இல்லியா? ஒரு அழுத்து அழுத்தி அவன முந்திட்டேன்ல. அந்த வேகத்துல பழத்தட்டு, பலகாரத்தட்டு அம்புட்டும் சன்னல் வழியா மேல பறந்திருச்சு. இன்னும் கீழ விழுகல. ரெண்டு நாள் இங்கனயே இருந்தீகன்னா ஆளுக்கொரு லட்டு கெடைக்கும்."

"அதுவரைக்கும் உசுரு கெடக்கணும்ல" என்றது பந்தலில் ஒரு குரல்.

"அப்ப தோடு? துணிமணி?" என்றாள் பாண்டியம்மா. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இத்தனை பேர் முன்னால் இவன் அவிழ்த்துவிடுகிற புளுகில் பாதியாவது உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்று பாவி மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"அங்கதான தாயி வாரேன். மலை உச்சியில ஒரு யானைக் கூட்டம். இன்னைக்கின்னு பாத்து அதுக குட்டிக்குக் காதுகுத்து. தாய்மாமன் யானையக் காணோம். என்னையப் பாத்ததும் பெரிய யானை தும்பிக்கையாலயே மாலை போட்டு மணையில உக்கார வச்சிருச்சு. குட்டிய மடியில வச்சேன். கனம்னா கனம், தொடை இன்னும் மரத்துக்கெடக்கு. காது மொறம் கணக்கா இருக்கு, ஊசி எடுக்குமா? கடப்பாரைய வச்சுக் குத்துனாக. நான் கொண்டாந்த தோட்ட நானே மாட்டிவிட்டேன். மானஸ்தன் வெறுங்கையோட எந்திரிக்க முடியுமா, சொல்லுங்க அத்தை?"

பரமன்தான் எச்சிலை விழுங்கிக்கொண்டு கேட்டான். "சாப்பாடெல்லாம் எப்படி மச்சான்?"

"அத ஏன் கேக்குற! சீரகச் சம்பா சோறு, எலும்புக் குழம்பு, ஈரல் தனியா. போதும் போதும்னாலும் விடல. நல்லி எலும்பா பொறுக்கிப் பொறுக்கி வச்சாக."

பரமன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"யானை எந்தூர்ல மச்சான் கறி ஆக்குது?"

பரமன் எழுந்து வந்து மொக்கராசுவின் வலது கையைப் பிடித்து மோந்து பார்த்தான். அப்புறம் கூட்டத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பசித்தவன் மூக்கு பொய் சொல்லுமா?

"சரி, யானை கொஞ்சம் கூடிப்போச்சு" என்று மொக்கராசு இறங்கி வந்தான். "ஒரு கோயில் வாசல்ல மேளம் அடிச்சாக. சீர்த்தட்டோட எறங்கவும் 'தாய்மாமன் வந்தாச்சு'ன்னு வெடி போட்டாக. மாலையப் போட்டுக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போனாக. அம்புட்டு மரியாதை குடுக்கையில, இது எந்த ஊருன்னு கேட்டா நல்லாவா இருக்கும்? எல்லாம் முடிஞ்சு கறி திங்கிறப்பதான் அந்தப் பிள்ளையோட நெசமான மாமன் வந்து நிக்கிறான். வச்ச சீரத் திருப்பிக் கேக்க எனக்கு நாக்கு வரல."

சிரிப்பு பந்தலைப் பிய்த்துக்கொண்டு போனது. பாண்டியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"மடியில பிள்ளைய வச்சிருந்தியேண்ணே, மூஞ்சியப் பாக்கலயா?"

"பாக்காமயா? நீ போன்ல அனுப்புன படத்துல இருந்த மாதிரியே சடை, பூவு, பட்டுப்பாவாடை. ஒன் சாயல் அப்படியே இருந்துச்சு."

பாண்டியம்மாவுக்கு விளங்கிவிட்டது. மொட்டை போடுவதற்கு முன்னால் ஆண்பிள்ளைக்கும் ஆசைக்குச் சடை பின்னி, பூ வைத்து, பாவாடை கட்டிப் படம் எடுப்பது வழக்கம். அவளும் எடுத்து அனுப்பியிருந்தாள். போய் மணையில் தானே உட்கார்ந்து, பிள்ளையை மடியில் இருத்தி, முடி எடுக்கிறவரிடம், "நீங்க ஆரம்பிங்கய்யா" என்றாள். விருமாயி ஏதோ சொல்ல வாயெடுத்தவள், மருமகள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள்.

சடையை அவிழ்த்துத் தலையில் தண்ணீர் தெளித்ததும் பிள்ளை வீறிட்டு அழுதது. மொக்கராசுக்கு அந்தக் கணமே மாமன் பாசம் பொங்கிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து குனிந்தான்.

"அழுகாத தாயி, என் ராசாத்தி! முடி போனா போகுது. நீ பெரிய மனுசி ஆகுறப்ப மாமன் தங்கத்துலயே சடை செஞ்சு மாட்டுறேன் பாரு!"

பாண்டியம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்குப் பெறந்தது பையன்ண்ணே."